கணினிக் கேள்வி பதில்: 30 விழுக்காட்டில் நின்று திரும்பும் மடிக்கணினி

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதிலிருந்து இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் ஒரே புலம்பல்தான்: "பத்து வருட மடிக்கணினி, புதுப் பதிப்பு ஏறமாட்டேன் என்கிறது." வயதாகிவிட்டது என்று ஒரே வரியில் தள்ளிவிடலாம். ஆனால் பாதி இடங்களில் குற்றவாளி வேறு. எந்த இடத்தில் நின்றது, திரையில் என்ன எண் வந்தது என்று குறித்து அனுப்பியவர்களின் கேள்விகளை முதலில் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: 2012-இல் வாங்கிய மடிக்கணினி. மூன்றாம் தலைமுறை கோர் ஐ5, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10-இன் 1909 பதிப்பில் நிற்கிறது. அதன் கடைசிப் பதிப்பான 22எச்2-க்கு மாற்ற நான்கு முறை முயன்றேன். ஒவ்வொரு முறையும் 30 விழுக்காடு வாக்கில் ரீஸ்டார்ட் ஆகி, பழைய பதிப்புக்கே திரும்பிவிடுகிறது. பிழை எண் 0எக்ஸ்சி1900101, அதன் பக்கத்தில் 0எக்ஸ்20017. கடையில் காட்டினால் "மதர்போர்டு போச்சு" என்கிறார்கள். உண்மையா ஐயா?
— பட்டர்வொர்த் வாசகர்

பதில்: மதர்போர்டு போயிருந்தால் பழைய பதிப்பும் ஓடாது. அந்தப் பேச்சை விடுங்கள்.

சி1900101 என்பது ஒரு பொதுப்பெயர். "ஏதோ ஒரு டிரைவரோ (வன்பொருளை இயக்கும் நிரல்) வன்பொருளோ ஒத்துவரவில்லை, திரும்பிவிட்டேன்" என்பதற்குமேல் அதில் விஷயமில்லை. விஷயம் இரண்டாவது எண்ணில் இருக்கிறது. விண்டோஸ் தன்னை மாற்றிக்கொள்ளும்போது, முதலில் ஒரு குட்டி விண்டோஸைத் துவக்கி, அதற்குள் இருந்தபடி வேலை செய்யும். இரண்டாவது எண் 2-இல் தொடங்கினால் அந்தக் குட்டி விண்டோஸ் கட்டத்தில் விழுந்தது என்று பொருள். 3-இல் தொடங்கினால் புதுப் பதிப்பின் முதல் துவக்கத்தில், 4-இல் தொடங்கினால் இரண்டாம் துவக்கத்தில். உங்களுடைய 20017, குட்டி விண்டோஸ் எழுந்து நிற்கவே முடியாமல் விழுந்ததைச் சொல்கிறது. ஆகவே நீங்கள் நிறுவிய நிரல்களை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டிருப்பதில் பயன் குறைவு. வன்பொருள் பக்கம் பாருங்கள். வெளியார் ஆன்டிவைரஸ் மட்டும் விதிவிலக்கு. அது இருந்தால் முடக்கினால் போதாது, நீக்கிவிட வேண்டும்.

சார்ஜரைத் தவிர எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள். பிரிண்டர், யூஎஸ்பி ஹப், பக்கவாட்டுத் துளையில் வருடக்கணக்காக மறந்துபோன எஸ்டி கார்டு, வயர்லெஸ் மவுஸின் நகத்தளவு டாங்கிள் உட்பட. பிறகு பயாஸுக்குள் (விண்டோஸுக்குமுன் கணினியை எழுப்பும் அடிப்படை நிரல்) போய், புளூடூத், விரல்ரேகை வாசிப்பான் போலப் பயன்படுத்தாத கருவிகளை அணைத்துவையுங்கள். தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்கான கடைசி பயாஸ் வெளியீடு இருந்தால் அதையும் ஏற்றலாம். ஆனால் பாட்டரியில் சார்ஜ் நிற்காத கணினியில் இதைச் செய்யாதீர்கள். பல பயாஸ் நிரல்கள் அந்நிலையில் ஓடவே மறுக்கும். ஓடினாலும், நடுவில் மின்சாரம் போனால் அப்போதுதான் மதர்போர்டு நிஜமாகவே போகும். நம் ஊரில் பிற்பகல் இடிமழைக்குச் சொல்லவா வேண்டும். காலையில் தொடங்குங்கள்.

அடுத்தது ஹார்ட் டிஸ்க். உங்கள் கணினியில் எங்களுக்கு அதிகச் சந்தேகம் இதன்மேல்தான். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச நிரலில் மூன்று வரிசைகளைப் பாருங்கள்: 5, 197, 198. அந்த நிரல் வரிசை எண்களைப் பதினாறடிமான முறையில் காட்டும். அதனால் 197 அங்கே சி5 என்றும், 198 சி6 என்றும் தெரியும். 5 என்பது கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட பகுதிகளின் கணக்கு. 197 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்காகக் காத்திருக்கும் பகுதிகளின் கணக்கு. அது சுழியைத் தாண்டியிருந்தால் மேம்படுத்தலை நிறுத்திவிட்டு, கோப்புகளை வெளி டிஸ்க்குக்கு நகலெடுங்கள். மேம்படுத்தல் பல ஜிபி தரவை எழுதும் வேலை. தடுமாறும் டிஸ்க்குக்கு அது கடைசி அடியாகிவிடும். மூன்றும் சுழி என்றால், செக்டிஸ்க்கை /ஆர் விருப்பத்தோடு இரவில் ஓடவிடுங்கள். 500 ஜிபிக்குப் பல மணி நேரம் பிடிக்கும். மணிக்கணக்காக ஒரே எண்ணில் நிற்பதைப் பார்த்து நடுவில் அணைத்துவிடாதீர்கள்.

இவ்வளவும் ஆனபின், விண்டோஸ் அப்டேட் வழியாகப் போகாமல் 22எச்2-இன் ஐஎஸ்ஓ கோப்பை (முழு நிறுவல் வட்டின் நகல்) இறக்கி, வைஃபையை அணைத்துவிட்டு, அதற்குள்ளிருக்கும் செட்டப்பை ஓட்டுங்கள். சி டிரைவில் குறைந்தது 20 ஜிபி காலியாக இருக்கட்டும். 2004 பதிப்பிலிருந்து 21எச்2 வரை வைத்திருப்பவர்களுக்கு 22எச்2 ஒரு சின்னத் திருத்தம்போல ஏறிவிடும், அடித்தளம் ஒன்றுதான். உங்கள் 1909 அதற்கு முந்தைய அடித்தளம். முழு மாற்றம் நடந்தாக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பத்து நிமிடத்தில் முடிந்தது உங்களுக்கு இரண்டு மணி நேரம் இழுப்பது இதனால்தான்.

மறுபடியும் விழுந்தால், விண்டோஸ் கோப்புறையில் லாக்ஸ், அதற்குள் செட்டப்டயாக் என்ற கோப்புறையைத் திறந்து பாருங்கள். தோல்விக்கான காரணத்தை நிறுவியே அங்கே எழுதிவைத்திருக்கும். பெரும்பாலும் ஒரு டிரைவர் கோப்பின் பெயர் கிடைக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். "பழைய பதிப்புக்குத் திரும்புகிறோம்" என்ற அறிவிப்போடு திரும்புவது ஒன்று, அறிவிப்பே இல்லாமல் பொசுக்கென்று அணைந்துபோவது வேறொன்று. இரண்டாவது நடந்தால் அது சூடு அல்லது சார்ஜர். காற்று வெளியேறும் துளையில் கையை வைத்துப் பாருங்கள். விசிறி இரைந்தும் காற்று வரவில்லை என்றால், விசிறிக்கும் செம்புத் தகட்டுக்கும் நடுவில் தூசு கம்பளிபோல் படிந்திருக்கிறது. பின்மூடியைக் கழற்றி அதை எடுத்து, பிராசசர்மேல் காய்ந்துபோன பசையை மாற்றினாலே பல கணினிகள் மேம்படுத்தலைத் தாங்கிவிடும்.

22எச்2 ஏறிவிட்டால், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்நுழைந்து, நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்துகொள்ளலாம். 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் வரும் என்பது அந்தத் திட்டத்தின் கணக்கு. 1909-இல் இருப்பவர்களுக்கு அந்த வாசல் திறக்காது. அதனால்தான் இவ்வளவு மெனக்கெடச் சொல்கிறோம்.

கேள்வி: "சிஸ்டம் ரிசர்வ்ட் பார்ட்டிஷனைப் புதுப்பிக்க முடியவில்லை" என்று வந்து நின்றுவிடுகிறது. சி டிரைவில் 180 ஜிபி காலி இருக்கிறதே?
— செந்தூல் வாசகி

பதில்: சி டிரைவில் காலியிடம் இருந்து இதற்குப் பயனில்லை. கணினியைத் துவக்கும் கோப்புகளுக்கென்று 100 எம்பி அளவில் தனியாக ஒரு சின்னப் பார்ட்டிஷன் இருக்கிறது. அதில் 15 எம்பியாவது காலி இருந்தால்தான் நிறுவி தன் கோப்புகளை வைக்க முடியும். மடிக்கணினி நிறுவனமோ, ஆன்டிவைரஸோ தன் பங்குக்கு எதையாவது அங்கே போட்டு நிரப்பியிருக்கும். பார்ட்டிஷனைப் பெரிதாக்கும் நிரல்கள் உண்டுதான். ஆனால் பழைய டிஸ்க்கில் எல்லைக்கோட்டை நகர்த்துவதைவிட, உள்ளே இருக்கும் எழுத்துருக் கோப்புகளை நீக்குவது பத்திரமான வழி. துவக்கத் திரையை வேற்று மொழிகளில் காட்டத்தான் அவை.

முதலில் டிஸ்க் மேனேஜ்மென்டில் டிஸ்க்கின் பெயர்மேல் வலச்சொடுக்கி, பண்புகளில் ஜிபிடியா எம்பிஆரா என்று பாருங்கள் (டிஸ்க்கைப் பகுதி பிரிப்பதில் முன்னது புது முறை, பின்னது பழையது). டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் குறியாக்கம் இயங்கினால் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள்.

ஜிபிடி என்றால், கமாண்ட் பிராம்ப்ட்டை நிர்வாகியாகத் திறந்து (கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்) "மவுண்ட்வால் ஒய்: /எஸ்" என்று கொடுங்கள். மறைந்திருந்த பார்ட்டிஷன் ஒய் என்ற பெயரில் வெளியே வரும். அடுத்து "ஒய்:" என்று கொடுத்து அதற்குள் போய், "சிடி இஎஃப்ஐ\மைக்ரோசாஃப்ட்\பூட்\ஃபான்ட்ஸ்". இங்கே ஒரு நிமிடம் கையை எடுங்கள். கட்டளை வரியின் இடப்பக்கம் ஒய் என்று தொடங்கி ஃபான்ட்ஸ் என்று முடிகிறதா? முடிந்தால் மட்டும் "டெல் *.*" கொடுத்து, கேட்கும்போது ஒய் என்று ஒப்புதல் தாருங்கள். சி என்று தொடங்கினால் எதையும் அழிக்காதீர்கள், வழி தவறிவிட்டது. முடிந்ததும் "மவுண்ட்வால் ஒய்: /டி" கொடுத்து அந்தப் பெயரை விடுவித்துவிடுங்கள்.

எம்பிஆர் என்றால் மவுண்ட்வால் உதவாது. டிஸ்க் மேனேஜ்மென்டிலேயே சிஸ்டம் ரிசர்வ்ட் பகுதிக்கு ஓர் எழுத்துப் பெயர் கொடுத்து, பூட் கோப்புறைக்குள் இருக்கும் ஃபான்ட்ஸை நீக்க வேண்டும். அங்கே முதலில் கோப்புரிமையை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லும். பூட் கோப்புறையில் உள்ள வேறெதையும் தொடாதீர்கள். அதில் ஒன்று போனாலும் கணினி துவங்காது.

கேள்வி: 2008-ஆம் ஆண்டு கோர் 2 டுவோ மடிக்கணினி, 2 ஜிபி ரேம். விண்டோஸ் 11-க்கான சோதனையைத் தாண்டவைக்கும் பென்டிரைவ் ஒன்றை நண்பர் செய்து கொடுத்தார். சோதனையைத் தாண்டுகிறது, ஆனால் நிறுவியின் சின்னம் வந்ததும் ரீஸ்டார்ட், மறுபடி சின்னம், மறுபடி ரீஸ்டார்ட். ஒரு கடையில் 350 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தால் ஏற்றித் தருவதாகச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?
— பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகர்

பதில்: கொடுக்காதீர்கள். யாராலும் ஏற்ற முடியாது.

டிபிஎம் 2.0, செக்யூர் பூட், எட்டாம் தலைமுறை இன்டெல் என்பதெல்லாம் வாசலில் நிற்கும் காவலாளி கேட்கும் கேள்விகள். உங்கள் நண்பர் செய்த பென்டிரைவ் அந்தக் காவலாளியை ஏமாற்றுகிறது. ஆனால் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து, பாப்கவுண்ட், எஸ்எஸ்இ4.2 என்ற இரண்டு வகைக் கட்டளைகள் பிராசசருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இது காவலாளியின் விதி அல்ல. விண்டோஸின் மையப்பகுதியே அந்தக் கட்டளைகளால் எழுதப்பட்டிருக்கிறது. கோர் 2 டுவோவுக்கு அவை தெரியாது. தெரியாத கட்டளை வந்ததும் தடுமாறி ரீஸ்டார்ட் ஆகிறது. எந்த மென்பொருள் திருத்தமும் பிராசசருக்குப் புதிய கட்டளையைக் கற்றுத்தராது. அடுத்து வந்த முதல் தலைமுறை கோர் ஐ வரிசைக்கு இவை தெரியும். அதனால் "என் கணினியில் ஓடுகிறதே" என்று ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை, அவருடைய கணினி வேறு. பழைய 23எச்2 உங்கள் கணினியில் துவங்கக்கூடும். ஆனால் வீட்டுப் பயனர்களுக்கான அதன் ஆதரவும் 2025 நவம்பர் 11-இல் முடிந்துவிட்டது. 350 வெள்ளி கொடுத்து, ஆதரவு நின்ற ஒன்றிலிருந்து ஆதரவு நின்ற இன்னொன்றுக்குப் போவானேன்?

இந்தக் கணினிக்கு, விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸ்தான் வழி. கோர் 2 டுவோ 64 பிட் பிராசசர், ஆகவே லினக்ஸ் மின்ட் 22-இன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு ஓடும். அதற்கு 2029 வரை ஆதரவு உண்டு. 2 ஜிபி ரேம் அதற்குக் கீழெல்லை. உலாவியில் நான்கு பக்கம் திறந்தால் மூச்சு முட்டும். ரேம் வாங்குமுன், அதன் உச்ச அளவைத் தீர்மானிக்கும் சிப்செட்டைப் பாருங்கள். இன்டெல் 945 என்றால் 4 ஜிபி போட்டாலும் 3 ஜிபி சொச்சம்தான் தெரியும். 965 என்றால் 4 ஜிபி, ஜிஎம்45 என்றால் 8 ஜிபி வரை ஏற்கும். ஜிஎம்45-இலும் சில மாடல்கள் டிடிஆர்2, சில டிடிஆர்3. டிடிஆர்2-வுக்கு 200 கால், டிடிஆர்3-க்கு 204 கால், வெட்டும் வேறு இடத்தில் இருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது. கணினிக் கடைகளைத் தேடி லோயாட் பிளாசாவுக்கோ கொம்தார் பக்கமோ போகும்போது பழைய ரேமைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போவது உத்தமம். வாயால் சொல்லி வாங்கி, மறுநாள் மாற்றப் போனவர்கள் நிறையப் பேர்.

ரேம், எஸ்எஸ்டி இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால்? 4 ஜிபி ஏற்கெனவே இருப்பவர்கள் எஸ்எஸ்டி, 2 ஜிபி இருப்பவர்கள் ரேம். 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி எதுவும் பொருந்தும். அது 7 மில்லிமீட்டர் தடிமன், பழைய டிஸ்க் 9.5. இடைவெளியில் ஆடாமலிருக்க ஒரு பிளாஸ்டிக் சட்டம் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பிள்ளைகளுக்கு வாங்கிய 2 ஜிபி ரேம், 32 ஜிபி கொள்ளளவுள்ள குட்டி மடிக்கணினி, ஆட்டம் பிராசசர். விண்டோஸ் 10 மேம்படுத்தல் 0எக்ஸ்80070070 என்று நிற்கிறது. லினக்ஸ் போடலாம் என்றால் பென்டிரைவையே அது கண்டுகொள்ளவில்லை.
— ஆயர் ஈத்தாம் வாசகி

பதில்: 70070 என்றால் இடமில்லை, அவ்வளவுதான். 10 ஜிபிக்குமேல் காலியுள்ள பென்டிரைவைச் செருகிவிட்டுத் தொடங்கினால், தற்காலிகக் கோப்புகளை அதில் வைத்துக்கொள்ளட்டுமா என்று விண்டோஸே கேட்கும். மேம்படுத்தல் முழுவதும் முடியும்வரை அதைப் பிடுங்கக் கூடாது. அதற்குமுன் "பவர்சிஎஃப்ஜி /எச் ஆஃப்" கொடுத்து உறக்கநிலைக் கோப்பை நீக்கினால் இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கும். அப்படியும் முடியாவிட்டால், கோப்புகளை வெளியே எடுத்துவிட்டுச் சுத்தமாக நிறுவுவதே மிச்சம். இந்தச் சேமிப்பகம் மதர்போர்டுப் பலகையோடு பற்றவைக்கப்பட்டது, மாற்ற முடியாது.

பென்டிரைவை அது கண்டுகொள்ளாததற்கு ஒரு விசித்திரமான காரணம் உண்டு. அந்தக் காலத்து ஆட்டம் கணினிகளில் பிராசசர் 64 பிட், ஆனால் அதைத் துவக்கும் யூஇஎஃப்ஐ 32 பிட். வழக்கமான 64 பிட் லினக்ஸ் பென்டிரைவில் 64 பிட் துவக்கி மட்டும் இருக்கும், ஆகவே இது அதைக் காணாததுபோல் தாண்டிப் போய்விடும். டெபியன் 12-இன் 64 பிட் நிறுவல் கோப்பில் இரண்டு துவக்கிகளும் உள்ளன. அதைப் பயன்படுத்துங்கள். பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்துவைத்துத் தொடங்குங்கள்.

கேள்வி: ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தேதி 2010-க்குப் போய்விடுகிறது. அப்டேட் எதுவும் இறங்குவதில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்புடையதா?
— பத்து கேவ்ஸ் வாசகர்

பதில்: தொடர்பு நேரடியானது. பாதுகாப்பான இணைப்புக்கு எதிர்முனை காட்டும் சான்றிதழில் "இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை செல்லும்" என்று இருக்கும். உங்கள் கணினி 2010-இல் வாழ்கிறது. அந்தச் சான்றிதழ் அதற்கு இன்னும் பிறக்கவே இல்லை. அதனால் 0எக்ஸ்80072எஃப்8எஃப் என்று கதவை மூடிவிடுகிறது.

பலகையில் உள்ள சிஆர்2032 நாணயப் பாட்டரி தீர்ந்திருக்கிறது. எண்ணிலேயே அளவு இருக்கிறது: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், 3 வோல்ட். கடைக்காரர் 2025-ஐக் கொடுத்தால் வாங்காதீர்கள், அது 2.5 மில்லிமீட்டர்தான், தொடுமுனையில் சரியாக அழுந்தாது. சில மாடல்களில் பாட்டரி ரேம் மூடிக்குக் கீழே எளிதாகக் கிடைக்கும். சிலவற்றில் விசைப்பலகையைத் தூக்கவேண்டும். கறுப்பு உறையிட்டு இரண்டு கம்பிகளோடு வந்தால், அதே வகை இணைப்பியுள்ள பாட்டரியாகவே வாங்குங்கள். சிவப்பும் கறுப்பும் எந்தப் பக்கம் என்று பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லாத் தயாரிப்பாளர்களும் ஒரே வரிசையில் வைப்பதில்லை.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பாட்டரியைக் கழற்றினால் சில கணினிகளில் பயாஸ் அமைப்புகள் ஆலை நிலைக்குப் போய்விடும். டிஸ்க்கோடு கணினி பேசும் சாட்டா முறை ஏஎச்சிஐ-யிலிருந்து ஐடிஇ-க்கோ ரெய்டுக்கோ மாறிவிட்டால், விண்டோஸ் "இனாக்ஸஸிபிள் பூட் டிவைஸ்" என்று நீலத்திரை காட்டும். டிஸ்க் போய்விட்டது என்று பதறி அழித்து நிறுவுகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். கழற்றுமுன் பயாஸின் எல்லாப் பக்கங்களையும் கைப்பேசியில் படம்பிடித்துவைத்துக்கொண்டு, பிறகு சாட்டா முறையைப் பழையபடி வைத்தால் ஒரே நொடியில் சரியாகிவிடும்.

ஐடிஇ-யில் நிறுவியிருந்து, எஸ்எஸ்டிக்காக ஏஎச்சிஐ-க்கு மாற நினைப்பவர்கள் முதலில் எம்எஸ்கான்ஃபிக் திறந்து, பூட் பக்கத்தில் சேஃப் பூட்டைக் குறியிட்டு, ரீஸ்டார்ட் செய்து, பயாஸில் மாற்றிவிட்டு விண்டோஸுக்குள் போங்கள். சேஃப் மோடில் அது தேவையான டிரைவரைத் தானே ஏற்றிக்கொள்ளும். பிறகு குறியை எடுத்துவிடலாம்.

கேள்வி: 2012 மத்தியில் வந்த 13 அங்குல மேக்புக் புரோ. முன்பு செய்துவைத்த ஹை சியரா (மேக் இயங்குதளத்தின் ஒரு பதிப்பு) பென்டிரைவ் "இந்த நிறுவிப் பிரதி சேதமடைந்துள்ளது" என்கிறது. பென்டிரைவை மாற்றியும் அதே பதில்.
— பாயான் லெப்பாஸ் வாசகர்

பதில்: பென்டிரைவ் நன்றாகவே இருக்கிறது. நிறுவிக்கு ஆப்பிள் இட்ட கையொப்பத்தின் சான்றிதழ் 2019 அக்டோபர் 24-இல் காலாவதியானது. அதற்குமுன் இறக்கியவை எல்லாமே இப்படித்தான் சொல்லும். ஆப்பிளிடமிருந்து மறுபடி இறக்குவதே நேர்வழி. அதற்கு வசதியில்லை என்றால், நிறுவித் திரையில் வைஃபையை அணைத்து, மேலுள்ள பட்டியலில் டெர்மினலைத் திறந்து, டேட் என்ற கட்டளையோடு 0201010119 என்று கொடுங்கள். மாதம், நாள், மணி, நிமிடம், ஆண்டு என்பது வரிசை. கணினி 2019 பிப்ரவரி 1-க்குப் போய்விடும், நிறுவி ஒப்புக்கொள்ளும். புதிதாக இறக்கிய நிறுவிக்கு இந்த வேலை வேண்டாம்.

நடுவில் டிஸ்க் காணாமல் போனாலோ, நிறுவல் நத்தைபோல் நகர்ந்தாலோ டிஸ்க்கைக் குறை சொல்லுமுன் டிஸ்க்கையும் பலகையையும் இணைக்கும் தட்டையான சாட்டா கேபிளைப் பாருங்கள். இந்த மாடலில் அது கெட்டுப்போவது பேர்பெற்றது. அதே டிஸ்க்கை யூஎஸ்பி உறையில் போட்டு ஓட்டி நன்றாக ஓடினால் குற்றம் கேபிளுடையது.

உங்கள் மாடலுக்கு ஆப்பிள் தந்த கடைசிப் பதிப்பு கேட்டலினா. அதில் 32 பிட் நிரல்கள் ஓடாது. ஆஃபிஸ் 2011 வைத்திருந்தால் அதோடு அது போய்விடும். ஓப்பன்கோர் லெகசி பேட்சர் கொண்டு இன்னும் புதியதை ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டாவது கணினி இருப்பவர்களுக்கு அது நல்ல பொழுதுபோக்கு. ஒரே கணினியில் பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

கேள்வி: மின்ட் போட்டாயிற்று, வைஃபை வரவில்லை. டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும்!
— ஜிஞ்சாங் வாசகர்

பதில்: பிராட்காம் வைஃபை அட்டையாக இருக்கும். கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து, கைப்பேசி அமைப்பில் யூஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். மின்ட் அதைக் கம்பி இணைப்பாக எடுத்துக்கொள்ளும். பிறகு டிரைவர் மேனேஜரைத் திறந்தால் பிராட்காமுக்குரியதை அதுவே காட்டும். தமிழ்த் தட்டச்சுக்கு இன்புட் மெத்தட் பக்கத்தில் ஐபஸ்ஸை நிறுவி, எம்17என் தொகுப்பில் தமிழ்99-ஐச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கோயில் நிர்வாகக் கூட்டக் குறிப்புகள், ஆண்டறிக்கைகள் எல்லாம் இருபது வருடமாக ஒரு எக்ஸ்பி மடிக்கணினியில் இருக்கின்றன. நகலெடுத்துப் புதுக் கணினியில் திறந்தால் தமிழே இல்லை, கிறுக்கல்தான். பழையதை அழித்து லினக்ஸ் போடச் சொல்கிறார்கள். அழிக்கலாமா?
— பிறை வாசகர்

பதில்: இன்றைக்கு அழிக்காதீர்கள். கோப்புகள் கெடவில்லை. யூனிகோடு பரவுமுன் நாம் டிஸ்கி, டாப், டாம் என்று வெவ்வேறு குறியேற்றங்களில் எழுதினோம். வேறு எழுத்துகளுக்குரிய குறிகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்த எழுத்துருக்கள் அவை. டாம் போன்றவை ஆங்கில எழுத்துகளின் இடத்தையும் எடுத்துக்கொண்டன. எழுத்துரு இல்லாத கணினியில் அடியிலுள்ள குறிகள் மட்டும் தெரிகின்றன.

பழைய கணினியில் ஒரு கோப்பைத் திறந்து, ஒரு தமிழ்ச் சொல்லைத் தேர்ந்தெடுத்து, மேலே எழுத்துருப் பெயர் என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். எல்லாக் கோப்பிலும் ஒரே எழுத்துரு என்று நம்பிவிடாதீர்கள். செயலாளர் மாறும்போதெல்லாம் எழுத்துருவும் மாறியிருக்கும். பிறகு விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் கோப்புறையை முழுதாக வெளி டிஸ்க்குக்கு நகலெடுங்கள். இதை விட்டுவிட்டு டிஸ்க்கை அழித்தால், ஆவணம் கையில் இருந்தும் படிக்க ஆளில்லாத கல்வெட்டு மாதிரிதான்.

யூனிகோடுக்கு மாற்ற என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற நிரல்கள் உள்ளன. குறியேற்றத்தைச் சரியாகத் தேர்ந்தால் ஒரு பக்கம் நொடியில் மாறும். டாம் போன்றவற்றில் ஒரே வரியில் ஆங்கிலமும் கலந்திருந்தால் அந்த ஆங்கிலமும் தமிழாகிக் குழம்பும், அதைக் கையால்தான் திருத்த வேண்டும். முக்கியமான ஆண்டறிக்கைகளை, பழைய கணினி உயிரோடு இருக்கும்போதே எழுத்துரு உட்பொதிந்த பிடிஎஃப் ஆகவும் எடுத்துவையுங்கள். எடுத்த பிடிஎஃப்பை, அந்த எழுத்துரு நிறுவப்படாத வேறொரு கணினியிலோ கைப்பேசியிலோ திறந்து, நடுப்பக்கம் ஒன்றைப் படித்துப் பாருங்கள். சரியாக வந்தால் மின்ட் பென்டிரைவைச் செருகலாம்.